இணையக் கடைக்குப் பேமென்ட் கேட்வே எடுப்பது எப்படி?

சொந்தமாக இணையதளம் தொடங்கி விற்பனையில் இறங்குகிறவர்களுக்குப் பேமென்ட் கேட்வே, அதாவது வாடிக்கையாளரின் பணத்தை இணையத்தில் வாங்கித் தரும் சேவை, வேண்டியிருக்கிறது. எல்லாரும் முதலில் கேட்பது "எதில் கமிஷன் கம்மி?" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் பணம் கட்டிய நிமிடத்துக்கும், அது உங்கள் வங்கிக் கணக்கில் வந்து சேரும் நாளுக்கும் நடுவே அந்தப் பணம் யாரிடம் இருக்கிறது? அங்கே சிக்கிக்கொண்டால் உங்கள் போனை யார் எடுப்பார்கள்? இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் தருகிற நிறுவனம் அரை சதவீதம் கூடுதலாகக் கேட்டாலும் பரவாயில்லை என்பது என் கட்சி.

இந்தியாவில் பான் அட்டையும் வங்கிக் கணக்கும் வைத்துக்கொண்டு, கடலை மிட்டாயோ சுங்குடிப் புடவையோ ஆன்லைன் வகுப்போ விற்கத் தொடங்கும் சிறு தொழில்காரரை மனதில் வைத்து எழுதுகிறேன். இலங்கையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களுக்குச் சட்டமும் நிறுவனங்களும் வேறு.

கேட்வே இப்போதே வேண்டுமா?

ஒரு நாளைக்கு நாலைந்து ஆர்டர், அதுவும் வாட்ஸ்அப்பில் பேசி முடிவாகிறது என்றால், இணையதளத்தில் கேட்வே இணைக்க அவசரப்பட வேண்டாம். பெரும்பாலான நிறுவனங்கள் 'பேமென்ட் லிங்க்' தருகின்றன. தொகையைப் போட்டு ஒரு இணைப்பை உருவாக்கி அனுப்பினால் வாடிக்கையாளர் அதைத் திறந்து யூபிஐ, கார்டு, நெட் பேங்கிங் எதில் வேண்டுமானாலும் கட்டலாம். ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியதில்லை. சில மாதம் இப்படி ஓட்டிப் பார்த்தால் உங்கள் வாடிக்கையாளர்கள் எதில் பணம் கட்டுகிறார்கள் என்ற விவரமும் கையில் சேர்ந்துவிடும். அந்த விவரம் பின்னால் கட்டணம் பேசும்போது உதவும்.

ஆனால் உங்கள் சொந்த யூபிஐ எண்ணை இணையதளத்தில் போட்டு, "பணம் அனுப்பிவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள்" என்று எழுதுவதை மட்டும் தவிருங்கள். பணம் போனது போலவே பச்சை டிக் காட்டும் போலி ஆப்கள் புழக்கத்தில் இருக்கின்றன. படத்தை நம்பிப் பார்சலை அனுப்பிவிட்டு, ராத்திரி பாஸ்புக்கைப் பார்த்துத் தலையில் கை வைத்தவர்கள் நிறையப் பேர். தவிர, இருபது பேர் ஒரே தொகையை அனுப்பியிருந்தால் எது யாருடையது என்று பிரிப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.

ரிசர்வ் வங்கியின் பட்டியலைப் பாருங்கள்

நாம் எல்லாவற்றையும் சேர்த்துப் 'பேமென்ட் கேட்வே' என்று சொன்னாலும், ரிசர்வ் வங்கி இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்கிறது. பணத்தைத் தொடாமல், தொழில்நுட்ப வழியை மட்டும் அமைத்துத் தருவது பேமென்ட் கேட்வே. வாடிக்கையாளரிடமிருந்து பணத்தை வாங்கி, சேர்த்து வைத்து, பிறகு வியாபாரிக்கு அனுப்புவது பேமென்ட் அக்ரிகேட்டர். நீங்கள் தேடுவது கிட்டத்தட்ட எப்போதும் இரண்டாவது வகை. பணம் அவர்கள் வழியாக வருவதால்தான் அதற்கு உரிமம் வேண்டியிருக்கிறது.

2020 மார்ச் 17 அன்று ரிசர்வ் வங்கி இதற்கான விதிகளை வெளியிட்டது. விண்ணப்பிக்கும்போதே நிறுவனத்தின் நிகர மதிப்பு 15 கோடி ரூபாய் இருக்க வேண்டும், அப்புறம் அது 25 கோடியாக உயர வேண்டும். வியாபாரிகளுக்காக வசூலித்த பணத்தை ஒரு ஷெட்யூல்டு வணிக வங்கியில் எஸ்க்ரோ கணக்கில் தனியாக வைக்க வேண்டும். நிறுவனம் தன் சம்பளச் செலவுக்கோ விளம்பரத்துக்கோ அதில் கை வைக்கக்கூடாது. 2025 செப்டம்பரில் பழைய உத்தரவுகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டிப் புதிய விதித்தொகுப்பு ஒன்றும் வந்தது. அது இணையவழி, கடையில் நேரடியாக, எல்லை கடந்து என்று அக்ரிகேட்டர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. இணையதளத்துக்கு உங்களுக்கு வேண்டியது இணையவழி உரிமம். கடையில் ஸ்வைப் மெஷின் கொடுக்க உரிமம் பெற்றவர் என்பது மட்டும் இதற்குப் போதாது.

ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, யாருடையது திருப்பி அனுப்பப்பட்டது என்பதும் தெரியும். 'கொள்கை அளவில் ஒப்புதல்' என்பதும் 'அனுமதி' என்பதும் ஒன்றல்ல. விற்பனைப் பிரதிநிதி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவார், நீங்கள் பார்த்துப் படியுங்கள். தேடும்போது விளம்பரப் பெயரைப் போட்டால் கிடைக்காமல் போகலாம். பில்டெஸ்க் என்று நாம் அறிந்த பெயருக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம் இந்தியாஐடியாஸ்.காம் லிமிடெட். ஆகவே அவர்களுடைய இணையதளத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் சட்டப் பெயரை எடுத்துத் தேடுங்கள். வங்கிகள் நேரடியாக நடத்தும் சேவைக்குத் தனி அனுமதி தேவையில்லை, அதனால் பட்டியலில் இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

பெரிய நிறுவனம்தானே, இதையெல்லாம் எதற்குப் பார்ப்பது என்று தோன்றலாம். 2022 டிசம்பரில், இறுதி அனுமதி வரும்வரை புதிய வியாபாரிகளைச் சேர்க்க வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி சொன்ன நிறுவனங்களில் ரேசர்பே, கேஷ்ஃப்ரீ இரண்டும் இருந்தன. ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்களின் கடை வழக்கம்போல் ஓடியது. புதிதாக வந்தவர்கள்தான் ஏறக்குறைய ஒரு வருடம் வேறு கதவைத் தட்ட வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் இரண்டுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. அவர்கள் மேல் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. நிலைமை மாறிக்கொண்டே இருக்கும், பதிவு செய்யும் அன்று பட்டியலைப் பார்ப்பதுதான் கணக்கு என்பதற்காகச் சொன்னேன்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "கேஒய்சி வேண்டாம், அரை மணி நேரத்தில் மெர்ச்சன்ட் ஐடி" என்று டெலிகிராமில் விளம்பரம் செய்வார்கள். அல்லது நேர்மாறாக, "உங்கள் கேட்வே கணக்கு வழியாக எங்கள் பணத்தை வாங்கிக் கொடுங்கள், கமிஷன் தருகிறோம்" என்று வருவார்கள். அது பெரும்பாலும் சூதாட்டப் பணம், இல்லாவிட்டால் மோசடிப் பணம். கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் காவல்துறை உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பதில்கூடப் போடாதீர்கள்.

கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

சரி, இப்போது கமிஷனுக்கு வருவோம். சந்தையில் சாதாரணமாகச் சொல்லப்படும் விகிதம் 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. வரி விற்பனைத் தொகைக்கு இல்லை, கட்டணத்துக்கு மட்டும்தான். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 5,000 ரூபாய்ப் புடவை ஒன்று கிரெடிட் கார்டில் விற்றால் கட்டணம் 100, அதற்கு வரி 18, உங்கள் கைக்கு வருவது 4,882.

ஆனால் எல்லாப் பணமும் கார்டில் வருவதில்லை. யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வியாபாரியிடம் எம்டிஆர் (பணம் வாங்கித் தருவதற்காக வியாபாரியிடம் பிடிக்கும் கட்டணம்) வாங்கக்கூடாது என்பது 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்படியானால் யூபிஐ விற்பனை இலவசமா என்றால், நிறுவனத்தைப் பொறுத்தது. எம்டிஆர் வாங்காமல் 'பிளாட்ஃபார்ம் கட்டணம்' என்ற பெயரில் யூபிஐக்கும் அதே 2 சதவீதம் பிடிக்கிற திட்டங்கள் உண்டு. யூபிஐக்கு ஒன்றுமே வாங்காத திட்டங்களும் உண்டு. வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். மாதம் 200 ஆர்டர், ஒவ்வொன்றும் 600 ரூபாய், ஆக 1,20,000. அதில் 84,000 யூபிஐயில் வருகிறது. ஜிஎஸ்டியைச் சேர்க்காமல் பார்த்தால், எல்லாவற்றுக்கும் 2 சதவீதம் வாங்குகிறவருக்கு மாதம் 2,400 போகும். யூபிஐக்கு ஒன்றுமில்லை, மற்றதற்கு 2.5 சதவீதம் என்கிறவருக்கு 900 போதும். விகிதத்தை மட்டும் பார்த்தால் இரண்டாமவர் விலை அதிகம் என்றுதான் தோன்றியிருக்கும்.

சதவீதத்தோடு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் மூன்று ரூபாய் என்று நிலையான கட்டணம் வைக்கிற திட்டம், விலை குறைந்த பொருள் விற்பவருக்கு ஆகாது. 60 ரூபாய்க் கடலை மிட்டாய்ப் பாக்கெட்டில் மூன்று ரூபாய் போனால் அதுவே 5 சதவீதம்.

அப்புறம் கேட்டால்தான் சொல்லுகிற கட்டணங்கள். தொடக்கக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், ஒவ்வொரு சார்ஜ்பேக்குக்கும் (வாடிக்கையாளர் தன் வங்கியில் புகார் தந்து பணத்தைத் திரும்பக் கேட்பது) அபராதம், உடனடி செட்டில்மென்டுக்கு (வசூலான பணத்தை உங்கள் கணக்கில் போடுவது) கூடுதல், இஎம்ஐக்கும் நிறுவன கார்டுகளுக்கும் வெளிநாட்டுக் கார்டுகளுக்கும் தனி விகிதம். இதில் ரீஃபண்டைத் தனியாகக் கேளுங்கள். ஐயாயிரம் ரூபாய்ப் புடவையை வாடிக்கையாளர் திருப்பிவிட்டால் அவருக்கு முழு ஐயாயிரமும் போக வேண்டும். ஆனால் முதலில் பிடித்த 118 ரூபாயைப் பெரும்பாலான நிறுவனங்கள் திருப்பித் தருவதில்லை. துணிமணி மாதிரி அடிக்கடி திரும்பி வருகிற சரக்கு விற்றால், இது ஆண்டு முடிவில் கண்ணில் படுகிற தொகையாகிவிடும்.

பேசிக் குறைக்க முடியுமா? விற்பனை ஏறிய பிறகு முடியும். முதல் நாளே கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

பணம் எப்போது வரும், எப்போது நிற்கும்

'டி பிளஸ் 2' என்றால் பணம் கட்டிய நாளிலிருந்து இரண்டாவது வேலை நாள். வெள்ளிக்கிழமை வந்த ஆர்டரின் பணம் செவ்வாய்க்கிழமை வரும். பொங்கல் வாரத்தில் இது இன்னும் தள்ளும். நமக்கு விடுமுறை, அவர்களுடைய வங்கி இருக்கும் ஊரில் வேலை நாள், அல்லது நேர்மாறு. பால்கோவா மாதிரி தினமும் பாலுக்குக் காசு கொடுத்தாக வேண்டிய தொழிலில் இரண்டு நாள் தாமதம் என்பது சாதாரண விஷயமில்லை. முதல் மாதத்துக்கான கைமுதலை இதைக் கணக்கில் வைத்து ஒதுக்குங்கள்.

இதைவிட முக்கியமானது, பணத்தை அவர்கள் எந்த நேரத்தில் நிறுத்தி வைக்கலாம் என்பது. ஒவ்வொரு நிறுவனத்திலும் ரிஸ்க் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மாதம் ஒரு லட்சம் விற்பனை என்று பதிவு செய்தவருக்குத் தீபாவளி வாரத்தில் எட்டு லட்சம் வந்தால், அவர்களுடைய கணினிக்கு அது சந்தேகமாகத்தான் படும். செட்டில்மென்ட் நின்றுவிடும். பில், கூரியர் ரசீது, சரக்கு வாங்கிய பில் எல்லாம் கேட்டு மின்னஞ்சல் வரும். அதற்குப் பதில் அனுப்பினால் "பரிசீலனையில் இருக்கிறது" என்று இன்னொரு மின்னஞ்சல் வரும். இதற்குள் நெசவாளருக்குக் கொடுக்க வேண்டிய தேதி போய்விடும். இது நேர்மையான கடைகளுக்கும் நடக்கிறது. பண்டிகைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே, இந்த மாதம் விற்பனை இவ்வளவு ஏறும் என்று எதிர்பார்க்கிறோம் என்று எழுதிப் போட்டு, அவர்கள் பதிலையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பதிவு செய்யும்போது எதிர்பார்க்கும் விற்பனையைக் குறைத்துக் காட்டுவதால் ஒரு லாபமும் இல்லை.

ஒப்பந்தம் நாற்பது பக்கம் இருக்கும். முழுதும் படியுங்கள் என்று சொன்னால் யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரியும். ஐந்து இடத்தையாவது தேடிப் படியுங்கள்: பணத்தை நிறுத்தி வைக்கும் உரிமை, கணக்கை மூடினால் மிச்சப் பணம் எத்தனை நாளில் வரும், விற்பனையில் ஒரு பங்கைக் காப்புத் தொகையாகப் பிடித்து வைப்பார்களா, கட்டணம் மாற்றினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, வேறு நிறுவனத்தையும் சேர்த்துப் பயன்படுத்தத் தடை உண்டா. இதில் 'காரணம் எதுவும் கூறாமல், காலவரையின்றி' என்ற பொருளில் எதையாவது பார்த்தால் அந்த இடத்தைக் குறித்துக் கேளுங்கள். வாயால் "அதெல்லாம் சும்மா சார், யாருக்கும் செய்ததில்லை" என்று சொன்னால் அதையே மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வாடிக்கையாளர் சேவையையும் சேருவதற்கு முன்பே சோதிக்கலாம். விற்பனைப் பிரிவின் எண்ணை விட்டுவிடுங்கள், அது முதல் மணியிலேயே எடுக்கப்படும். உதவிப் பிரிவுக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கேள்வி அனுப்பிப் பாருங்கள்: "ஒரு வாடிக்கையாளரின் பணம் பிடிக்கப்பட்டு ஆர்டர் பதிவாகவில்லை என்றால் நான் என்ன செய்ய வேண்டும்?" மனிதர் பதில் எழுதுகிறாரா, எத்தனை மணி நேரத்தில், கேட்டதற்குத்தான் பதிலா என்று பார்த்தாலே நிறையப் புரிந்துவிடும். குறை தீர்க்கும் அதிகாரியின் பெயரும் தொடர்பும் அவர்கள் தளத்தில் எளிதாகக் கிடைக்க வேண்டும். தேடித் தேடிக் கிடைக்கவில்லை என்றால், பணம் சிக்கிய பிறகு மட்டும் கிடைத்துவிடவா போகிறது?

ஆவணங்களும் இணையதளப் பக்கங்களும்

பான், ஆதார், வங்கிக் கணக்கு விவரம், ரத்து செய்த காசோலை ஆகியவை கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி எண் இருந்தால் அது, கம்பெனியோ கூட்டாண்மையோ என்றால் அதன் பத்திரங்கள். ஜிஎஸ்டி வரம்புக்குள் வராத தனிநபர் தொழிலையும் பல நிறுவனங்கள் ஏற்கின்றன. உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) சான்றிதழ் இருந்தால் வேலை சுலபமாகும். உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம். கூகுளில் தேடினால் அதே தோற்றத்தில் ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் தனியார் தளங்கள் மேலே வரும், ஏமாற வேண்டாம். தின்பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையப் பதிவு எண்ணும் கேட்பார்கள். பான் அட்டையில் இருக்கும் பெயரும் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இனிஷியல் முன்னால், பின்னால், விரித்து எழுதியது என்று நம் ஊர்ப் பெயர்கள் படுத்தும் பாட்டில் நிறைய விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன.

இணையதளத்தையும் அவர்கள் திறந்து பார்ப்பார்கள். தொடர்பு முகவரி, விதிமுறைகள், தனியுரிமைக் கொள்கை, ரத்து மற்றும் ரீஃபண்ட், டெலிவரி ஆகிய பக்கங்கள் இல்லாமல் ஒப்புதல் கிடைக்காது. இங்கேதான் எல்லாரும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா விற்கிற தளத்தில் "14 நாட்களுக்குள் பொருளைத் திருப்பி அனுப்பலாம்" என்று இருந்தால், அதை வைத்தே ஒருவர் பத்தாம் நாள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், வங்கியும் அவர் பக்கம் நிற்கும். கெட்டுப்போகும் பொருள் திரும்ப எடுக்கப்படாது, உடைந்து வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் படம் எடுத்து அனுப்ப வேண்டும், ஆர்டரை எதுவரை ரத்து செய்யலாம், பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று உங்கள் தொழிலுக்குப் பொருந்துகிற மாதிரி தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்.

கணக்கு யார் பெயரில்?

தளம் செய்து தருகிற தம்பி "நானே கேட்வேயும் போட்டுத் தருகிறேன்" என்பார். போட்டும் தருவார், தன் மின்னஞ்சலையும் தன் கைபேசி எண்ணையும் கொடுத்து. அவர் நல்லவராகவே இருக்கட்டும், நாளைக்கு அவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டால் ஓடிபி எங்கே வரும்? முதன்மைக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் எண்ணில், இரட்டைச் சரிபார்ப்போடு இருக்க வேண்டும். அவருக்கு 'டெவலப்பர்' அனுமதி மட்டும் கொடுக்கலாம், எல்லா நல்ல சேவைகளிலும் அந்த வசதி உண்டு. ரீஃபண்ட் செய்யும் உரிமையும் செட்டில்மென்ட் வங்கிக் கணக்கை மாற்றும் உரிமையும் உங்களைத் தாண்டிப் போகக்கூடாது.

இணைத்தல்

வூகாமர்ஸ், ஷாப்பிஃபை போன்றவற்றில் கடை வைத்திருந்தால் அந்தந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ பிளகினை (கடையோடு கேட்வேயை இணைக்கும் தயார் நிரல்) போட்டாலே போதும். பிளகின் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள், இரண்டு வருடமாகத் தொடாமல் கிடந்தால் அதுவே ஒரு தகவல்தான். ஷாப்பிஃபையில் வெளி கேட்வே பயன்படுத்தினால் ஷாப்பிஃபையும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் பிடிக்கும். அதையும் கமிஷனோடு கூட்டிப் பாருங்கள்.

கார்டு விவரத்தை உங்கள் தளத்தின் படிவத்தில் வாங்கவே வேண்டாம். நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலோ அவர்கள் திறக்கும் பெட்டியிலோ வாடிக்கையாளர் நிரப்பட்டும். விசா, மாஸ்டர்கார்டு முதலான கார்டு நிறுவனங்கள் சேர்ந்து 2006இல் அமைத்த குழு வகுக்கும் பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்புத் தரம் இருக்கிறது. கார்டு எண் உங்கள் சர்வரைத் தொட்டால் அந்தப் பாரம் முழுக்க உங்கள் தலையில் ஏறும், தொடாவிட்டால் பெரும்பகுதி அவர்களோடு போய்விடும். 2022 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் வியாபாரிகள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கவே கூடாது, அதற்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்று எண் மட்டும்தான். ஆகவே "அடுத்த முறைக்குக் கார்டை நாங்களே சேமித்து வைக்கலாம்" என்று உங்கள் தளக்காரர் யோசனை சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நிரல் எழுதுகிறவரிடம் நீங்கள் கேட்டு உறுதி செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, பணம் வந்ததா என்பதை வாடிக்கையாளரின் உலாவியில் வருகிற 'வெற்றி' பக்கத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. நிறுவனத்தின் சர்வர் உங்கள் சர்வருக்கு அனுப்பும் வெப்ஹுக் செய்தியை, அதன் கையொப்பத்தைச் சரிபார்த்து, தொகையும் ஆர்டர் தொகையும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே ஆர்டரை உறுதி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 1,500 ரூபாய்ப் பொருளை ஒரு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு போகும் கெட்டிக்காரர்கள் வருவார்கள். இரண்டு, அதே வெப்ஹுக் செய்தி சில சமயம் இரண்டு முறை வரும். இரண்டு பார்சல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று, உங்கள் கேட்வே கணக்குக்குக் கடவுச்சொல் மாதிரி இருக்கும் ரகசியச் சாவி, தளத்தின் ஜாவாஸ்கிரிப்டிலோ கிட்ஹப்பிலோ வெளியே தெரியும்படி கிடக்கக்கூடாது.

டெஸ்ட் மோடில் எல்லாம் சரியாக ஓடிய பிறகு, லைவ் செய்து உங்கள் சொந்தக் காசில் பத்து ரூபாய்க்கு ஒரு ஆர்டர் போடுங்கள். கைபேசியில் யூபிஐ, கணினியில் கியூஆர், ஒரு டெபிட் கார்டு என்று மாற்றி மாற்றி. பாதி வழியில் ஜன்னலை மூடிப் பாருங்கள். ஒன்றை ரீஃபண்ட் செய்து, பணம் வந்த வழியிலேயே திரும்புகிறதா, எத்தனை நாள் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் நாளைக்குக் கேட்கப் போகிற கேள்வி அதுதான்.

"பணம் போயிடுச்சு, ஆர்டர் வரலை"

முதல் வாரத்திலேயே இந்த அழைப்பு வரும். பதற வேண்டாம். நிறுவனம் உங்களுக்குத் தரும் கணக்குப் பக்கமான டாஷ்போர்டில் அந்தப் பரிவர்த்தனை 'தோல்வி' என்றோ 'நிலுவை' என்றோ இருந்தால் பணம் உங்களிடம் வரவில்லை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவுப்படி, இணையக் கடையில் கார்டிலோ யூபிஐயிலோ கட்டிய பணம் பிடிக்கப்பட்டு வியாபாரிக்கு உறுதி வராவிட்டால், அன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை இரண்டு வரியில் தமிழில் எழுதி வாட்ஸ்அப்பில் தயாராக வைத்துக்கொண்டால், கோபமாக அழைத்தவர் பாதி சமாதானம் ஆகிவிடுவார். உங்கள் கைக்காசை உடனே அனுப்பிவிடாதீர்கள். பின்னால் வங்கியும் திருப்பித் தந்துவிட்டால் இரண்டாவதை வாங்குவது பெரும்பாடு.

சார்ஜ்பேக் வேறு விஷயம். பணம் உங்களுக்கு வந்து, பார்சலும் போன பிறகு, வாடிக்கையாளர் தன் வங்கியிடம் "பொருள் வரவில்லை" அல்லது "இது நான் செய்ததில்லை" என்று புகார் தருவது. நிறுவனம் உங்களிடம் சில நாள் கெடு கொடுத்து ஆதாரம் கேட்கும். பில், கூரியர் எண், கையெழுத்தோடு டெலிவரி ரசீது, வாடிக்கையாளரோடு பேசிய செய்திகள் என்று எல்லாம் ஒரே கோப்புறையில் ஆர்டர் எண்ணின் பெயரில் இருந்தால் அரை மணி வேலை. கெடு தவறினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பணம் போய்விடும். புகார்களில் ஒரு பகுதி மோசடியே இல்லை. கடையின் பெயர் ஒன்று, வங்கி அறிக்கையில் வரும் பெயர் வேறு என்பதால் வாடிக்கையாளருக்கு அடையாளம் தெரியாமல் போகிறது. அறிக்கையில் என்ன பெயர் வரும் என்று நிறுவனத்திடம் கேட்டு, கடைப் பெயரையே வைக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வந்தால்

நியூஜெர்சியில் இருக்கும் மருமகள் முறுக்கு கேட்கிறாள் என்று தொடங்கும் இந்த ஆசைக்குத் தனி ஒப்புதல் வேண்டும். சர்வதேசக் கார்டு வசதியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், கட்டணமும் உள்நாட்டைவிட அதிகம். நம் கார்டுகளுக்கு இருக்கும் ஓடிபி வெளிநாட்டுக் கார்டுகளில் பல நேரம் இருக்காது என்பதால் திருட்டுக் கார்டு அபாயமும் கூடும். பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளேயான பரிவர்த்தனையை நிறுத்திவிட்டது, வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டும் இன்னும் பயன்படுகிறது. எந்த வழியில் வந்தாலும் அந்நியச் செலாவணி வந்ததற்கான சான்று கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஆடிட்டர் நிச்சயம் கேட்பார். தொடக்கத்தில் இதை அணைத்தே வைத்திருப்பது என் யோசனை.

மாதாமாதம்

டாஷ்போர்டிலிருந்து செட்டில்மென்ட் அறிக்கையை இறக்கி, உங்கள் ஆர்டர் பட்டியலோடும் வங்கி அறிக்கையோடும் வைத்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்த வாரமே கேளுங்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. கணக்கில் எழுதும்போது விற்பனை 5,000 என்றுதான் எழுத வேண்டும், 4,882 என்று அல்ல. 100 ரூபாய் செலவு, 18 ரூபாய் வரி. நீங்கள் ஜிஎஸ்டியில் வழக்கமான முறையில் பதிவு செய்திருந்தால் அந்த 18ஐ உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு உங்கள் ஜிஎஸ்டி எண் அவர்களுடைய பில்லில் சரியாக இருக்க வேண்டும். முதல் பில் வந்ததுமே பார்த்துவிடுங்கள்.

விற்பனை நிலைபெற்ற பிறகு இரண்டாவதாக இன்னொரு நிறுவனத்திலும் கேஒய்சி முடித்து, சும்மா வைத்திருங்கள். ஆண்டுக் கட்டணம் இல்லாததாகப் பார்த்தால் செலவும் கிடையாது. முதலாவது ஒரு நாள் படுத்துவிட்டாலோ செட்டில்மென்டை நிறுத்திவிட்டாலோ, கேஒய்சி ஒப்புதலுக்காக நாட்கணக்கில் காத்திருக்காமல் அன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம். உங்கள் டாஷ்போர்டில் யாரோ நுழைந்து பணம் வெளியே போயிருந்தால் முதலில் நிறுவனத்துக்கும் வங்கிக்கும் சொல்லி நிறுத்துங்கள், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.